மூங்கில் ஓடமும் எலுமிச்சம் பழமும்

இப்னு பதூதாவின் பெயரை அறியாத முஸ்லிம் இல்லம் நம்மிடையே மிகச் சிலவாகவே இருக்கும். மதரஸாவில் ஓதிய முதியவர் முதல் பள்ளியில் பயிலும் சிறுமி வரை எவரை வினவினும், அவர் உலகம் சுற்றியவர், தில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக இருந்தவர் என்ற அளவிலேனும் விடை கிடைக்கும். ஆயின் 'ரிஹ்லா' எனச் சுருக்கமாக வழங்கும் அவருடைய பெருநூலை, ஒரு நூல் என்ற நினைவோடு எடுத்துப் படித்தவர் எத்தனை பேர்? அவரைப் பெருமைக்கு உரியவராக ஏற்றுக்கொண்டோம்; எழுத்தாளராக ஏற்றுக்கொள்ளவில்லை. இக்குறை முழுவதையும் ஒரு கட்டுரையில் நீக்கிவிட இயலாது. அந்நூலில் ஒரு சில பக்கங்களே இடம்பெறும் ஒரு தரைவழிப் பயணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். புத்தளம் கரையிலிருந்து காடும் ஆறும் கடந்து, இலங்கை முஸ்லிம்கள் 'பாவாத மலை' என வழங்கும் ஆதம் மலைக்கு அவர் சென்று மீண்ட பயணம் அது.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. எங்கள் மஹல்லாவில் நடந்த மீலாதுப் போட்டியில் நம் மகள் வயிற்றுப் பேத்திக்குச் சிறுவர் நூல் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அதில் இப்னு பதூதா இலங்கைக் காட்டில் குரங்கு அரசனையே நேரில் கண்டதாக எழுதியிருந்தார்கள். தலையில் இலைமுடி, கையில் கோல், பின்னே மெய்காவலராக நான்கு குரங்குகள் என்று படமும் வரைந்திருந்தார்கள். பேத்தி விலங்கியல் படிக்கிறவள். நூலை மூடிவைத்துவிட்டு, "நன்னா, இவர் பொய்யும் எழுதுவாரா? அப்படியென்றால் மற்றதை மட்டும் எப்படி நம்புவது?" என்று கேட்டாள். நாம் அப்போது விடை கூறவில்லை. கேள்வி நியாயமானது, அதற்குரிய விடையை மூலத்தில்தான் தேட வேண்டும்.

தேடிப் பார்த்தோம். இந்தியா, மாலத்தீவு, இலங்கை பற்றிய பகுதிகளை மஹ்தி ஹுசைன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1953-இல் பரோடாவில் வெளியான பதிப்பு நம்மிடம் உண்டு. அதில் குரங்கு அரசனின் கதை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்னு பதூதா தாம் கண்டதாக அதனைக் கூறவில்லை. ஷெய்கு உஸ்மான் என்பாரும் அவருடைய மைந்தரும் பிறரும் தமக்குச் சொன்னார்கள் என்றே தொடங்குகிறார். தாம் கண்டதாக அவர் கூறுவது வேறு. அம்மலைகளில் குரங்குகள் மிகுதி, அவை கருநிறமும் நீண்ட வாலும் உடையன, ஆண் குரங்குக்கு மனிதரைப் போலத் தாடி உண்டு என்பதே அது. இலங்கைக்கே உரியதும் சிங்களத்தில் 'களு வந்துரா' எனப்படுவதுமான கருங்குரங்கைப் பார்த்தவர் எவரும், வெண்மயிர் சூழ்ந்த அதன் முகத்தை இவ்வருணனையில் அடையாளம் கண்டுகொள்வர். கண்டதைக் கண்டவாறும், கேட்டதைக் கேட்டவாறும் அவர் தனித்தனியே வைத்திருக்கிறார். 'கூறினார்கள்' என்ற ஒரு சொல்லைச் சிறுவர் நூலாசிரியர் எடுத்துவிட்டார். அந்த ஒரு சொல்லோடு ஆசிரியரின் நாணயமும் போய்விட்டது.

ஹதீஸ் கலை பிறந்த சமுதாயம் நம்முடையது. ஒரு செய்தி வந்தால் அச்செய்தியைப் பார்ப்பதற்கு முன் 'யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது' என்று கேட்கப் பழகியவர்கள் நம் முன்னோர்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒரு காஜி எழுதுவித்த நூலை, அப்பழக்கத்தை மறந்து நாம் படிக்கிறோம். விந்தைகளைப் பொறுக்கிக்கொண்டு, விந்தைக்கு அவர் வைத்த வேலியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறோம்.

இனிப் பயணத்துக்கு வருவோம். 1344-ஆம் ஆண்டு, மாலத்தீவிலிருந்து மஃபருக்கு, அதாவது அந்நாளில் மதுரைச் சுல்தான்களின் ஆட்சியிலிருந்த நம் சோழமண்டலக் கரைக்கு, அவர் கப்பலேறுகிறார். காற்று திசைமாற்றி இலங்கைக் கரையில் தள்ளுகிறது. இந்த அரசன் கடற்கொள்ளைக்குப் பேர்போனவன் என்று மாலுமிகள் இறங்க அஞ்சுகின்றனர். இப்னு பதூதா மட்டும் இறங்கி, தாம் மஃபர்ச் சுல்தானின் உறவினர் என்றும், கப்பலில் உள்ளவை யாவும் அச்சுல்தானுக்குரிய அன்பளிப்பு என்றும் சொல்லிவிடுகிறார். முதற்பாதி மெய். கியாஸுத்தீன் தாமகானியின் மனைவியும் இவர் மணந்த பெண் ஒருவரும் உடன்பிறந்தோர். பிற்பாதி ஆபத்துக்குச் சொன்ன உபாயமே. அதனை மறைக்காமல் எழுதுவித்திருப்பது கவனிக்கத்தக்கது. தம்மைக் காத்துக்கொள்ளச் சொன்ன பொய்யைத் தாமே ஒப்புக்கொள்ளும் ஆசிரியரிடம் நமக்கு நம்பிக்கை குறைவதில்லை, கூடவே செய்கிறது.

அவ்வரசன் ஆரியச் சக்கரவர்த்தி. பார்சி மொழி அறிந்தவன் என்கிறார். புத்தளத்துக் கடற்கரை முழுவதும் கறுவாப் பட்டை மரங்கள் குன்று குன்றாகக் கிடந்தன என்றும், காட்டாறுகள் அவற்றை அடித்து வந்து ஒதுக்குகின்றன என்றும், மஃபர், மலபார் நாட்டார் விலையின்றி அவற்றை எடுத்துக்கொண்டு அரசனுக்குத் துணிகளைத் தருகின்றனர் என்றும் எழுதுகிறார். உள்நாட்டின் காட்டையும் ஆற்றையும் நாம் முதலில் அறிவது இந்தக் கரையில் ஒதுங்கிய மரங்களால்தான். அரசன் முத்துகளைக் காட்டி, வேண்டியதைக் கேட்கச் சொல்கிறான். தமக்கு வேண்டியது ஒன்றே, ஆதம் (அலை) அவர்களின் பாதத்தை ஸியாரத் செய்வதே என்கிறார் நம் பயணி.

அரசன் அனுப்பிய பரிவாரத்தைப் பாருங்கள். ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசனின் ஆட்கள் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர். இவர்களோடு ஒரு பல்லக்கும், அதனைத் தூக்கும் அடிமைகளும். ஒரு முஸ்லிம் காஜியின் ஸியாரத்துக்கு யோகியும் பிராமணரும் வழித்துணை! ஆதம் நபியின் பாதம் என முஸ்லிமும், புத்தரின் பாதம் எனப் பௌத்தரும், சிவனொளிபாதம் எனச் சைவரும் போற்றும் மலைக்குச் செல்லும் வழியில் இது இயல்பாகவே நிகழ்ந்திருக்கிறது. வரலாற்றாசிரியர் இவ்வரியை மேற்கோள் காட்டுவதுண்டு. நமக்கோ வேறொரு குறை தோன்றுகிறது. இத்தனை பேரில் ஒருவருக்கேனும் பெயரில்லை. வழியில் எவர் என்ன பேசினார், எவர் சோர்ந்தார், எவர் பாடினார் என்பதும் இல்லை. பல்லக்கில் இருந்தவர் பல்லக்குத் தூக்கியவரைப் பார்க்கவில்லை. அந்நாளைய பெரியவர்கள் எழுதிய எந்த நூலுக்கும் உரிய குறைதான் இது. எனினும் இப்பயணத்தில் அது சற்று உறுத்துகிறது. ஏனெனில் அட்டை முதலில் கடித்தது அவர்கள் கால்களையாகத்தான் இருக்கும்.

புறப்பட்ட அன்றே ஓர் ஆற்றின் கரையில் தங்கினார்களாம். மூங்கிலால் செய்த ஓடத்தில் அதனைக் கடந்தார்களாம். அவ்வளவே. ஆற்றின் பெயர் இல்லை, அகலம் இல்லை, நீரின் வேகம் இல்லை. இக்காலத்துப் பயண எழுத்தாளர் ஒருவர் கையில் இந்த ஓடம் கிடைத்திருந்தால் இரண்டு பக்கம் ஆடியிருக்கும்! ஆயினும் அந்த ஒரு வாக்கியம் நம் மனத்தில் நிற்கிறது. மூங்கில் என்ற ஒரே சொல் அந்த நாட்டைக் கண்முன் கொண்டுவந்துவிடுகிறது. மொராக்கோவில் பிறந்து பாலைவனங்களைக் கடந்த ஒருவருக்கு மரப்படகும் தோல்மிதவையும் புதியன அல்ல. மூங்கில் ஓடம் புதிது. ஆகவே அதனை மட்டும் சொன்னார். ஆற்றைப் பற்றி அச்சம் ஏற்படவில்லை, ஆகவே நீட்டவில்லை. அச்சம் ஏற்பட்ட இடங்களில் அவர் எழுத்து எப்படி மாறுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஓர் எல்லையூரில் எருமைக் கன்றுகளை உயிரோடு பிடித்து வந்து விருந்து செய்கிறார்கள். நோயினால் பின்தங்கிய குராஸானியர் ஒருவர் அங்கே கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறார். அதன் பின் கரடுமுரடான, நீர் மிகுந்த நிலம். யானைகள் மிகுதி என்கிறார். ஆனால் அவை ஸியாரத்துக்கு வருவோரையும் வெளியூராரையும் துன்புறுத்துவதில்லை. ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (ரஹ்) அவர்களின் பரக்கத்தே காரணம் என்கிறார். ஷீராஸ் நகரத்து இந்த மகான் கி.பி. 982-இல் மறைந்தவர். அவரைப் பற்றிய கதையை நூலின் முற்பகுதியில், ஷீராஸைப் பேசும் இடத்திலேயே இப்னு பதூதா சொல்லிவிடுகிறார். பசியால் வாடிய பக்கீர்கள் ஷெய்கின் சொல்லை மீறி யானைக் கன்று ஒன்றைக் கொன்று தின்கின்றனர். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத் தின்றவரைக் கொல்கின்றன. ஷெய்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊரருகே கொண்டு சேர்க்கிறது.

இக்கதை இப்னு பதூதாவுக்கு முன்பே ஸூஃபிகளிடையே உலவியது. 1273-இல் மறைந்த மௌலானா ரூமியின் மஸ்னவி மூன்றாம் பாகத்திலும் யானைக் கன்றைத் தின்றவரின் கதை வேறு வடிவில் வருகிறது. ஆகவே ஷெய்குக்கு இது நிகழ்ந்ததா என்று வரலாற்று முறையில் வாதாடுவதில் பயனில்லை. நாம் காட்ட விரும்புவது வேறு. யானைகள் நிறைந்த அந்நிலத்தில் தாம் ஒரு யானையை எதிர்கொண்டதாக அவர் ஒரு வரியும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் எவர் மறுத்திருக்க முடியும்? கேட்போர் யானையை எதிர்பார்க்கும் இடத்தில் யானையைக் கற்பிக்காமல் விட்டதை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

பிறகு குனகார் என்னும் தலைநகர். அது குருணாகலா, கம்பளையா, இரத்தினபுரியா என்று அறிஞர் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். அங்குள்ள அரசனிடம் தாம் உலகிலேயே கண்ட ஒரே வெள்ளை யானை இருந்ததென்றும், அதன் நெற்றியில் கோழி முட்டையினும் பெரிய மாணிக்கங்கள் ஏழு இருந்தன என்றும் சொல்லுகிறார். இங்கே 'கூறினார்கள்' இல்லை, கண்டேன் என்கிறார். கல்லின் அளவை நாம் நம்பவில்லை. செல்வத்தைப் பேசும்போதெல்லாம் இவருடைய அளவுகோல் நீண்டுவிடுகிறது. மலையைக் கடலில் ஒன்பது நாள் வழி அப்பாலிருந்தே கண்டதாகச் சொல்வதும் அவ்வாறே. 2,243 மீட்டர் உயரமுள்ள மலையை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடல் மட்டத்திலிருந்து காண்பது இயலாது. வேலி உண்டு என்பதற்காக வேலிக்குள் எல்லாம் பொன் என்று நாம் வாதாட வரவில்லை. வோல்காக் கரையிலுள்ள பல்கார் நகருக்கு அவர் சென்றதாகக் கூறுவது நடந்திருக்க முடியாதென ஆய்வாளர் காட்டியுள்ளனர். பலஸ்தீன் பற்றிய வருணனைகள் சில அப்தரீ என்னும் முன்னோரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. இவற்றை நம் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைத்தால், அவர்கள் பிறர் வாயிலாக அறிந்துகொள்வார்கள். அறியும் நாளில் முழு நூலையும் எறிவார்கள்.

குனகாருக்கு அப்பால்தான் உண்மையான காட்டுவழி. உஸ்தா மஹ்மூது லூரியின் குகை, குரங்குகளின் நீர்நிலை, மூங்கில் நீர்நிலை, கிழவியின் வீடு, பாபா தாஹிரின் குகை என்று தங்குமிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கிழவியின் வீட்டோடு மனிதர் வாழும் நிலம் முடிந்துவிடுகிறது. இப்பெயர்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். குரங்குக்கு அவர் தரும் 'பூஸ்னா' என்ற சொல்லும், அட்டைக்குத் தரும் 'ஸுலூ' என்ற சொல்லும், மலைவாயிலைக் குறிக்கும் 'தர்வாஸா'வும் பார்சிச் சொற்கள். சிங்கள நாட்டின் நடுக்காட்டில் பார்சிப் பெயர்கள் எப்படி வந்தன? ஈரானியப் பக்கீர்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வழியே நடந்து, தங்கிய இடங்களுக்குத் தம் மொழியில் பெயரிட்டிருக்கின்றனர். இதை அவர் வாதமாகக் கூறவில்லை. பெயர்களைக் கேட்டபடி தந்துவிட்டார். அவையே சாட்சியாக நிற்கின்றன.

இன்னொன்றும் எண்ண வேண்டும். இலங்கை அரசன் தந்த மாணிக்கங்களையும் உடைமைகளையும் பின்னர் மலபார்க் கடலில் கொள்ளையரிடம் பறிகொடுத்து, கால்சட்டை ஒன்றோடு கரையேறியவர் இவர். புகாராவில் படியெடுத்த குறிப்புகள் தொலைந்ததும் அவ்வாறே என அவரே சொல்லுகிறார். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1355-இல், ஃபெஸ் நகரில் இப்னு ஜுஸய் என்பாரிடம் நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்ததே இந்நூல். அப்படியிருந்தும் இந்தக் குகை வரிசை சிதையவில்லை. நடந்து சென்ற வழி காலில் பதிந்துவிடும் என்பார்கள் நம் பாட்டிமார்.

இனி அட்டை. மரங்களிலும் நீரருகே உள்ள புல்பூண்டுகளிலும் அது இருக்கும்; மனிதன் நெருங்கினால் அவன்மேல் தாவும்; பட்ட இடத்தில் குருதி பெருகும். ஆகவே மக்கள் எலுமிச்சம் பழத்தை ஆயத்தமாக வைத்திருப்பார்கள். அட்டையின் மேல் பிழிந்தால் அது விழுந்துவிடும். பிறகு அதற்கென்றே செய்த மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டிவிடுவார்கள். இந்நூலின் இலங்கைப் பகுதியில் இதைவிடச் சிறந்த பத்தி இல்லை என்பது நம் தீர்ப்பு. ஒரு வருணனைச் சொல்லும் இல்லை. பழமும் கத்தியும் கையில் வைத்துக் காட்டப்படுகின்றன. தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் அட்டைக்கு உப்பும் எலுமிச்சையும் என்றுதான் சொல்வார்கள்.

'பறக்கும் அட்டை' என்ற பெயரைக் கேட்டுப் பேத்தி மீண்டும் நகைத்தாள். அட்டை பறப்பதில்லை, தாவுவதுமில்லை என்றே அவள் பாடநூல் சொல்லியிருந்தது. பின்னர் அவளே ஒரு செய்தியைக் கொண்டுவந்து காட்டினாள். மடகாஸ்கர்க் காடுகளில் எடுத்த ஒளிப்படச் சுருள்களைக் கொண்டு, தரையட்டை இலைமேல் உடலைப் பின்னுக்கு வளைத்துத் தாவுகிறது என்று ஆய்வாளர் 2024-இல் வெளியிட்டிருக்கின்றனர். மடகாஸ்கர் அட்டை வேறு, இலங்கை அட்டை வேறு. ஒன்றைக் கொண்டு மற்றதை முடிவு செய்யக் கூடாது என்று அவளே எச்சரித்தாள். முறை சரிதான். ஆனாலும் இந்தக் கிழவரைப் பார்த்து அவள் முன்போல நகைக்கவில்லை.

அட்டையால் குருதியிழந்து மாண்டவர் பற்றியும் சொல்லுகிறார். ஆனால் அங்கே 'சொல்லப்படுகிறது' என்ற வேலி வந்துவிடுகிறது. தம்மைக் கடித்ததா என்பதைச் சொல்லவில்லை. பல்லக்கு எதுவரை வந்தது என்பதையும் சொல்லவில்லை.

மலைவாயிலில் பாதை இரண்டாகிறது. ஒன்று பாபாவின் வழி. மற்றது மாமாவின் வழி. ஆதமும் ஹவ்வாவும் அங்கே அவ்வாறு அழைக்கப்பட்டனர். மாமாவின் வழி எளியது. அவ்வழியே ஏறியவனை ஸியாரத் செய்தவனாகக் கருதமாட்டார்களாம். பாபாவின் வழி செங்குத்து. பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அறைந்து, பத்துச் சங்கிலிகள் தொங்கவிட்டிருக்கின்றனர். பத்தாவது சங்கிலிக்கு 'ஷஹாதத்துச் சங்கிலி' என்று பெயர். அங்கு வந்து கீழே பார்ப்பவனுக்கு நெஞ்சு நடுங்கும், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவைச் சொல்லிவிடுவான், ஆதலால் அப்பெயர்.

உச்சியிலுள்ள பாதத்தை அவர் வருணிக்கும்போது இந்த நடுக்கம் இல்லை. கரும்பாறை என்கிறார், பதினொரு சாண் நீளம் என்கிறார். இன்று அளப்போர் காண்பது ஏறக்குறைய ஆறடிதான். ஆதம் (அலை) இறங்கிய இடத்தைக் குர்ஆன் பெயரிட்டுச் சொல்லவில்லை என்பதை அவர் அறியாதவரல்லர்; அந்த விவாதத்துக்குள் அவர் புகவில்லை. பாறையில் காணிக்கைக்காக வெட்டிய ஒன்பது குழிகளில் உள்ளதை எடுக்கப் பக்கீர்கள் போட்டியிட்டு ஓடுவதைச் சொல்லி, தங்களுக்குக் கிடைத்தவை சில கற்களும் சிறிது பொன்னுமே, அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டோம் என்று முடிக்கிறார். எதற்காக இத்தனை ஆறும் காடும் கடந்து வந்தாரோ, அந்த இடத்தில் தம் உள்ளம் என்னவாயிற்று என்று ஒரு சொல்லும் இல்லை. சில அன்பர்கள் இதனைக் குறையாகக் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. உச்சிக்குப் போகும் முன்பே, பத்தாவது சங்கிலியில், அச்சத்தின் வாயிலாக அதனைச் சொல்லிவிட்டார். மனிதன் கலிமாவை எந்த நிலையில் உள்ளபடியே சொல்கிறான் என்பதற்கு அச்சங்கிலியைவிடப் பெரிய சாட்சியம் அவருக்குத் தேவைப்படவில்லை போலும்.

இறங்கும் வழியில் இலை உதிராத பழமையான மரமொன்று வருகிறது. அதன் இலை விழுமென்று அடிவாரத்தில் யோகிகள் காத்திருக்கின்றனர். உண்டால் இளமை திரும்புமாம். அது பொய் என்று இப்னு பதூதா வெட்டிச் சொல்லிவிடுகிறார். சிறுவர் நூலில் இந்த மரமும் இருந்தது. 'பொய்' என்ற சொல் மட்டும் இல்லை.

தென்கரையின் வழியே, காலியும் கொழும்பும் கடந்து, புத்தளத்துக்கு மீண்டு மஃபருக்குக் கப்பலேறுகிறார். நம் கரைக்கு அருகே, ஆழம் குறைந்த நீரில் கப்பல் தரைதட்டி நிற்கிறது. முன்பு மூங்கில் ஓடத்தை ஒரு வாக்கியத்தில் கடந்தவர், இங்கே மாலுமிகள் அவசரமாகக் கட்டிய தெப்பத்தை விரித்துரைக்கிறார். அவருடன் இருந்தவர் தோழர் இருவர், அடிமைப் பெண்கள் இருவர். எங்களை விட்டுவிட்டு இறங்கிப் போவீர்களா என்று தோழர்கள் கேட்கின்றனர். அவர்களையும் தமக்கு விருப்பமான பெண்ணையும் தெப்பத்தில் ஏற்றுகிறார். மற்றவள், எனக்கு நன்றாக நீந்த வரும், தெப்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தி வருகிறேன் என்கிறாள். தெப்பம் கரை சேர்கிறது. இவர் நீர் புகுந்த கப்பலில் தங்கி, பின்புறத்தில் ஏறி அமர்ந்து, விடியும் வரை காத்திருக்கிறார். காலையில் கரையிலிருந்து நம் நாட்டார் சிலர் படகில் வந்து அவரை இறக்கி அழைத்துச் சென்றனர்.